இரண்டு 'வக்'குகளும் ஒரு 'லூடமும்'

எமது கல்லூரியில் க.பொ.த. சாதாரண தரத்துக்குத் தமிழ் படித்த எவருக்கும் 'சாரியை' என்ற சொல் நினைவிருக்கும். 'மரம்' என்பதோடு 'ஐ' சேரும்போது நடுவே 'அத்து' வந்து 'மரத்தை' ஆகும் என்று கரும்பலகையில் எழுதிவிட்டு, மறுநாள் ஒவ்வொருவராக எழுப்பிக் கேட்பார்கள். அதை மனனம் செய்ய நாம் பட்ட பாடு கொஞ்சமல்ல. ஆனால் பள்ளிக்கூட வாசலை மிதிக்குமுன்பே அந்த 'அத்து' எமது நாவில் இருந்தது. ஐந்து வயதில் எவரும் 'மரமில் குருவி' என்று சொல்லவில்லை.

குழந்தையின் மனத்தில் இப்படி ஒளிந்திருக்கும் இலக்கணத்தை ஒரு எளிய பரிசோதனையால் வெளிக்கொணர்ந்தவர் ஜீன் பேர்கோ கிளீசன் என்ற அமெரிக்க உளவியலாளர். பெண்கள் கல்லூரியொன்றின் நூற்றாண்டு மலரில் அவரது வாழ்க்கைப் பணியை நினைவுகூர்வது பொருத்தமானதே.

1931இல் ஒஹையோ மாநிலத்தின் கிளீவ்லாந்து நகரில், ஹங்கேரியிலிருந்து குடியேறிய குடும்பமொன்றில் அவர் பிறந்தார். அவரது அண்ணனுக்குப் பெருமூளை வாதம் இருந்தது. அவர் பேசுவது மற்றவர்களுக்கு எளிதில் விளங்காது, தங்கைக்கு விளங்கும். பேச்சு என்பது எப்படி உருவாகிறது என்ற கேள்வி அந்த வீட்டிலேயே தொடங்கியிருக்க வேண்டும்.

அவர் படித்தது ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தோடு இணைந்திருந்த ராட்கிளிஃப் பெண்கள் கல்லூரியில். ஹார்வர்டின் லமொன்ட் நூலகம் 1967 வரை பெண்களுக்குத் திறக்கப்படவில்லை என்பதை அறிந்தால் அக்காலத்தின் நிலை புரியும். அங்கே மொழியியலையும் உளவியலையும் இணைத்து, ரொஜர் பிரவுனின் வழிகாட்டலில் ஆய்வு செய்து 1958இல் கலாநிதிப் பட்டம் பெற்றார்.

குழந்தைகள் பெரியவர்களைப் பார்த்து அப்படியே திருப்பிச் சொல்லித்தான் மொழியைக் கற்கிறார்கள் என்ற எண்ணம் அன்று வலுவாக இருந்தது. பேச்சும் பழக்கத்தாலும் பாராட்டாலும் படியும் ஒரு நடத்தையே என்று வாதிட்ட ஸ்கின்னரின் நூல் 1957இல்தான் வெளிவந்தது. அப்படியானால், ஒருபோதும் கேட்டிராத சொல்லைக் கொடுத்தால் குழந்தை என்ன செய்யும்?

ஜீன் தாமே படங்களை வரைந்தார். குருவி போன்ற ஒரு சிறு பிராணி. அதற்கு 'வக்' என்று தாமே இட்ட பெயர். 'இது ஒரு வக். இப்போது இன்னொன்றும் வந்துவிட்டது. இப்போது இரண்டு...' என்று நிறுத்துவார். நான்கு முதல் ஏழு வயது வரையான பிள்ளைகளில் மிகப் பெரும்பாலானோர் 'வக்ஸ்' என்று சரியான பன்மை ஒலியோடு முடித்தார்கள். அந்தச் சொல்லை உலகில் எவரும் அதற்குமுன் அவர்களுக்குச் சொல்லித் தந்திருக்க முடியாது. ஆகவே அவர்களிடம் இருந்தது பாடமாக்கிய சொல் அல்ல, விதி.

விதி முழுமையடையாத இடங்களும் தெரிந்தன. 'கிளாஸ்' என்பதன் பன்மையைச் சொல்லத் தெரிந்த பிள்ளைகளில் பலர், 'டாஸ்' என்ற புதுச்சொல்லை மாற்றாமல் அப்படியே விட்டார்கள். 'ஃப்ரைடே' என்று ஏன் பெயர் வந்தது என்று கேட்டபோது, அது பொரித்த மீன் சாப்பிடும் நாள் என்று விளக்கம் தந்த பிள்ளையும் உண்டு!

பின்னர் பொஸ்டன் பல்கலைக்கழகத்தில் நீண்டகாலம் பேராசிரியராக இருந்தார். பக்கவாதத்தால் பேச்சிழந்தோரின் இலக்கணம் எவ்வாறு சிதைகிறது என்பதை ஹரோல்ட் குட்கிளாஸுடன் சேர்ந்து ஆராய்ந்தார். தந்தையர் பிள்ளைகளோடு பேசும் விதத்தையும் கவனித்தார். 1976இல் சான்ட்ரா வைன்ட்ரோப்புடன் வெளியிட்ட ஆய்வில், ஹலோவீன் இரவில் வீடுவீடாகச் செல்லும் பிள்ளைகளின் பேச்சைப் பதிவு செய்தார். இலக்கணத்தை எவரும் சொல்லிக் கொடுப்பதில்லை. ஆனால் 'நன்றி சொல்லு' என்று பெற்றோர் பக்கத்தில் நின்று தூண்டுகிறார்கள். 'மாமிக்கு வணக்கம் சொல்லு பிள்ளை' என்று கேட்டு வளர்ந்த எமக்கு இது புதினமல்ல.

மூன்று பெண் பிள்ளைகளை வளர்த்தபடியே இவ்வளவும் செய்தார். 1985இல் முதன்முதலாக வெளிவந்த அவரது மொழி வளர்ச்சி பற்றிய பாடநூல் பல பதிப்புகளைக் கண்டது.

வைத்தியர்களாகிய நாம் இதை எழுதுவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. எம்மோடு படித்த ஒரு தோழி வெளிநாட்டில் வாழ்கிறாள். மகன் இரண்டரை வயதாகியும் பேசவில்லை. 'வீட்டில் தமிழை நிறுத்துங்கள், இரண்டு மொழி பிள்ளையைக் குழப்பும்' என்று யாரோ சொல்ல, அவளும் நிறுத்தினாள். ஒரு வருடம் கழித்துத்தான் செவிப்புலன் பரிசோதனை நடந்தது. நடுக்காதில் நீர் தேங்கியிருந்தது. சிகிச்சைக்குப் பின் பேச்சு வந்தது. ஆனால் அந்த வருடம் முழுவதும் அம்மம்மா தொலைபேசித் திரையைப் பார்த்துச் சிரித்ததோடு சரி. பேரனோடு கதைக்க அவருக்கு வேறு மொழி இல்லை.

இரு மொழி கேட்டு வளர்வதால் பேச்சுக் குறைபாடு உண்டாவதில்லை. பேச்சுத் தாமதமானால் முதலில் காதைப் பரிசோதியுங்கள். பேச்சு சிகிச்சையாளரை நாடுங்கள். உங்களுக்கு நன்றாக வரும் மொழியில் பிள்ளையோடு நிறையக் கதையுங்கள். விதிகளைப் பிள்ளை தானே பிடித்துக்கொள்ளும். ஆனால் காதில் விழாத மொழியிலிருந்து எந்த விதியையும் பிடிக்க முடியாது.

உங்கள் வீட்டிலும் ஒருமுறை செய்து பாருங்கள். 'வக்' பரிசோதனை அப்படியே தமிழுக்குப் பொருந்தாது. பேச்சில் நாம் 'இரண்டு புத்தகம்' என்றே சொல்லிவிடுவோம். எனவே ஏதோவொரு விசித்திர வடிவத்தைக் கீறி, அதன்மேல் ஒரு குருவியையும் கீறி, 'இது ஒரு லூடம். குருவி எதிலை இருக்கு?' என்று கேளுங்கள். 'லூடத்திலை' என்று பதில் வந்தால், எமது தமிழ் ஆசிரியை கரும்பலகையில் எழுதிய அந்தச் சாரியை, கடல் கடந்த வீட்டிலும் உயிரோடு இருக்கிறது என்று பொருள்.