ஆழமும் செவியும்: முத்துக்குளிப்பு முதல் மூச்சுக்கலன் முக்குளிப்பு வரை

தோற்றுவாய்

சேலம், நாமக்கல் சமவெளி கடலைக் காணாத நிலமே எனினும், நீரின் ஆழம் அந்நிலத்தார்க்கு அந்நியமான விஷயமன்று. பாறையை வெடிவைத்துத் தகர்த்துத் தோண்டிய தோட்டத்துக் கிணறுகளில், சுரைப்புருடையை முதுகிற் கட்டிக்கொண்டு நீந்தப் பழகி, பின்னர் அதனை அவிழ்த்தெறிந்து, அடித்தரையைத் தொட்டு ஒரு பிடி மண் அள்ளி மேலெழுவதைப் பந்தயமாகக் கொண்ட சிறுவர் யாவரும் அறிந்த ஓர் அனுபவம் உண்டு. ஓராள் மட்டத்துக்குக் கீழே செல்லச் செல்லக் காதினுள் ஒரு குத்தல் தோன்றி வளரும். சளி பிடித்திருக்கும் நாளாயின் புருவத்துக்கு மேலும் கன்னத்தெலும்புக்குள்ளும் பொறுக்கவொண்ணாத வலி எழும். சில வேளை மூக்கிலிருந்து உதிரமும் கசியும். ஏற்காட்டு மலைப்பாதையிலும், கொல்லிமலையின் எழுபது கொண்டையூசி வளைவுகளிலும் பேருந்தில் இறங்கி வருவோர்க்குக் காதடைத்துக்கொள்வதும் இதன் மெல்லிய வடிவமே. சேலம் நகருக்கும் ஏற்காட்டுக்கும் இடையேயுள்ள உயர வித்தியாசம் ஏறத்தாழ 1,200 மீட்டர். அத்துணை உயரத்தால் விளையும் காற்றழுத்த வேறுபாட்டைக் கணக்கிட்டு நோக்கினால், கிணற்று நீரில் நாலரை அடி ஆழம் தரும் அழுத்தத்துக்கு மேல் அது வாராது. ஒரு மலை முழுதும் ஏறி இறங்கிப் பெறும் அழுத்தத்தை மனிதன் தன் உயரத்துக்குக் குறைந்த நீரிலேயே பெற்றுவிடுகிறான் என்னும் இவ்வுண்மையே, நீரில் மூழ்குவோரின் செவிநோவு ஏன் இத்துணைப் பழமையும் பரப்பும் உடையதாயிற்று என்பதற்கு விடை தருகிறது.

அந்நோவை மனித இனம் எவ்வாறு உணர்ந்தது, எவ்வாறு விளங்கிக்கொண்டது, எவ்வாறு வெல்ல முயன்றது என்பதைத் தென்றமிழ்க் கடலின் முத்துக்குளிப்பை நடுநாயகமாக வைத்து ஆராய்வதே ஈண்டு நோக்கம். இவ்வரலாறு முழுவதும் ஓடும் இழை ஒன்றே: செவியைப் புறத்தே அடைத்துக் காக்கலாம் என்ற எண்ணம் மெல்ல மெல்லத் தோற்று, அகத்தே திறந்து காக்கவேண்டும் என்ற ஞானம் நிலைபெற்றது. அந்த ஞானம் நூலில் ஏறுமுன்பே தொழிலாளியின் கையில் இருந்தது என்பதும், நூலில் ஏறிய பின்பும் அத்தொழிலாளியை முற்றச் சென்றடையவில்லை என்பதும் இவ்வாராய்ச்சியிற் புலனாகும்.

நோவின் காரணம்

கடல்நீரில் பத்து மீட்டர் ஆழத்துக்கு ஒரு வளிமண்டல அளவு அழுத்தம் கூடுகிறது. அழுத்தம் இரட்டித்தால் காற்றின் கன அளவு பாதியாகும் என்ற விதியை ராபர்ட் பாயில் 1662-இல் வெளியிட்டார். உடலின் பெரும்பகுதி நீராலாயது. அதனை ஆழம் சுருக்குவதில்லை. ஆனால், செவிப்பறைக்குப் பின்னுள்ள நடுச்செவியும், நெற்றியிலும் கன்னத்திலும் உள்ள எலும்பறைகளாகிய சைனஸ்களும் காற்று நிறைந்தவை. நடுச்செவியைத் தொண்டையோடு இணைக்கும் செவிக்குழல் ஒன்று உண்டு. அது சாதாரணமாக மூடியே இருந்து, விழுங்கும்போதும் கொட்டாவி விடும்போதும் கணநேரம் திறக்கும். அது திறவாதிருக்க ஆழ்ந்து செல்வோமாயின் செவிப்பறை உள்நோக்கி வளையும். இரத்த நாளங்கள் வீங்கிக் கசியும். இறுதியில் பறை கிழியும். ஏறத்தாழ நான்கடி நீரின் அழுத்த வேறுபாடு சேர்ந்துவிட்டால், வெளிக்காற்றால் அழுத்தப்பட்ட கதவுபோல் அக்குழலின் வாய் இறுகிவிடும். அதன் பின்னர் எவ்வளவு முயன்றாலும் அது எளிதில் திறவாது. பறை கிழிந்து குளிர்நீர் உட்புகுமாயின் தலைசுற்றல் தோன்றி, மேல் எது, கீழ் எது என்ற திசையறிவே அழியும். நீருக்கடியில் ஒருவனுக்கு இதனினும் பெரிய ஆபத்து அரிது.

பண்டையோர் கண்ட பரிகாரங்கள்

அரிஸ்டாட்டில் பெயரால் வழங்கும் வினாக்களின் தொகுப்பு நூலில், மூழ்குவோரின் செவிகள் கடலில் ஏன் வெடிக்கின்றன என்ற வினாவும், அவர்கள் செவியிற் கடற்பஞ்சைக் கட்டிக்கொள்வது எதற்கு என்ற வினாவும் இடம்பெற்றுள்ளன. பத்தாம் நூற்றாண்டின் அரபு ஆசிரியர் அல் மசூதி, பாரசீக வளைகுடாவில் முத்தெடுப்போர் ஆமையோட்டுக் கவ்வியால் மூக்கைப் பிடித்துக்கொண்டு, எண்ணெயில் தோய்த்த பஞ்சைச் செவியில் வைத்துக்கொள்வதைக் குறிக்கிறார். பதினான்காம் நூற்றாண்டில் இப்னு பதூதாவும் அம்மூக்குக் கவ்வியைப் பற்றி எழுதினார்.

இவற்றுள் பஞ்சும் எண்ணெயும் நோவைத் தீர்க்க வல்லன அல்ல. செவித்துளையைப் புறத்தே இறுக அடைப்பது, அடைப்புக்கும் பறைக்கும் இடையே இன்னுமொரு காற்றறையை உண்டாக்கித் தீங்கையே மிகுவிக்கும். மூக்குக் கவ்வியோ வேறு வகையினது. நீர் புகாதிருக்கவே அது பூட்டப்பட்டது எனினும், மூக்கு மூடியிருக்கும் நிலையில் மெல்ல ஊதும் மூச்சு, வெளியேற வழியின்றி, தொண்டையின் மேற்புறத்திலிருந்து நடுச்செவிக்குள் செல்லக்கூடும். அடைப்பு என்ற நோக்கத்தோடு தோன்றிய கருவி, திறப்புக்கு வழிசெய்தது.

மன்னார் வளைகுடாவில்

கொற்கை முத்தின் புகழ் சங்கச் செய்யுட்களால் விளங்குவது. கி.பி. முதல் நூற்றாண்டினதாகிய பெரிப்ளூஸ் என்னும் கிரேக்கக் கடற்பயண நூல், கொற்கைப் பகுதியில் முத்தெடுக்கும் வேலையில் தண்டனை பெற்ற குற்றவாளிகள் ஈடுபடுத்தப்பட்டனர் என்று கூறுகிறது. தண்டனையாக விதிக்கத்தக்க அளவுக்கு அத்தொழில் துன்பம் மிக்கதாய் இருந்தது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டா. பின்னைய நூற்றாண்டுகளில் பரதவரும், கீழக்கரை முதலிய ஊர்களின் முஸ்லிம்களும் இத்தொழிலை வழிவழியாக நடத்தினர். 1658-இல் தூத்துக்குடி போர்த்துகீசியரிடமிருந்து டச்சுக்காரர் கைக்கு மாறியது. பின்னர் ஆங்கிலேயர் ஆட்சி வந்தது. ஆட்சிகள் மாறினவேயன்றி மூழ்கும் முறை மாறவில்லை.

இலங்கையில் சிலாபம் எனப்படும் முத்துக்குளிப்பை நேரிற் கண்ட ராபர்ட் பெர்சிவல் 1803-இல் வெளியிட்ட நூலில், குளியாள் கல் கட்டிய கயிற்றை வலக்கால் விரல்களாற் பற்றி, இடக்கையால் மூக்கைப் பிடித்துக்கொண்டு, கால் கீழாக இறங்குவதை விவரிக்கிறார். மேலேறியதும் வாய், செவி, மூக்கு ஆகியவற்றினின்று நீரும், பலமுறை உதிரமும் வடிந்தபோதிலும், தன் முறை வந்ததும் அவன் மீண்டும் மூழ்கினான் என்றும் எழுதுகிறார். இவ்விவரணையில் இரண்டு நுட்பங்கள் அடங்கியுள்ளன. தலை மேலாக இறங்குவோர்க்குச் செவிக்குழல் எளிதில் திறக்கும் என்றும், தலைகீழாகப் பாய்வோர்க்கு இரத்தம் தேங்கிக் குழலின் வாய் வீங்கும் என்றும் இக்கால வைத்தியம் கூறுகிறது. இன்று மூச்சுக்கலன் (ஸ்கூபா) பயில்வோர்க்குக் கற்பிக்கப்படும் தலைமேலான நிலையையும் மூக்குப்பிடியையும் நம் குளியாட்கள் முன்னரே கைக்கொண்டிருந்தனர். தமிழர் விரலாற் செய்ததை, அச்சிலாபத்துக்கு வந்த அரபியர் கொம்பாலாகிய கவ்வியாற் செய்து, இரு கைகளையும் சிப்பி பொறுக்குவதற்கு விடுவித்துக்கொண்டனர். ஆனால் கல்லின் கனம் குளியாளை விரைந்து கீழே இழுத்தது. அவ்வேகத்துக்கு ஈடாகச் செவி திறவாதபோதே உதிரம் வடிந்தது என்று கருத இடமுண்டு.

எட்கர் தர்ஸ்டன் 1890-இலும், ஹெர்ட்மன் 1903 முதல் 1906 வரையிலும், ஜேம்ஸ் ஹார்னெல் 1914, 1922 ஆகிய ஆண்டுகளிலும் வெளியிட்ட நூல்கள் முத்து, சங்குக் குளிப்புகளின் அரிய ஆவணங்கள். சிப்பியின் வாழ்வும், பார்கள் எனப்படும் சிப்பிப் படுகைகளின் நிலையும், வருவாயும் அவற்றில் மிக விரிவாகப் பேசப்படுகின்றன. 1905-ஆம் ஆண்டின் இலங்கைச் சிலாபத்தில் எட்டுக் கோடிக்கு மேற்பட்ட சிப்பிகள் எடுக்கப்பட்டன என்பதை நாம் அறிவோம். அச்சிப்பிகளுக்காக எத்தனை செவிகள் கெட்டன என்பதை யாரும் எண்ணி வைக்கவில்லை. சுறாவை மந்திரத்தாற் கட்டும் கடற்கட்டிக்கு அரசாங்கமே ஊதியம் அளித்த காலத்தில், செவிநோவு குளியாளின் சொந்தக் கஷ்டமாகவே விடப்பட்டது.

மேனாட்டு உடற்கூற்று ஞானம்

பதினாறாம் நூற்றாண்டில் இத்தாலியரான யூஸ்டேக்கி செவிக்குழலை விவரித்தார். 1651-இல் ஆங்கிலேயர் ஹைமோர் கன்னத்துச் சைனஸை விளக்கினார். 1704-இல் வால்சால்வா, மூக்கையும் வாயையும் மூடி ஊதும் முறையை, நடுச்செவியின் சீழை வெளியேற்றும் உபாயமாகத் தம் நூலில் எழுதினார். மூழ்குவோர் இன்று கைக்கொள்ளும் முதன்மையான முறை அவர் பெயராலேயே வழங்குகிறது. அவரோ கடலை நினைத்து அதனை எழுதவில்லை.

வானியலார் எட்மண்ட் ஹாலி, 1690-ஐ ஒட்டி மூழ்குமணி ஒன்றை அமைத்துத் தாமே அதில் இறங்கியபோது, இறகுத்தண்டு ஒன்றைச் செவிக்குள் செலுத்தினாற்போன்ற வலியை உணர்ந்தார். மென்ற காகிதத்தைச் செவியில் அடைத்துக்கொண்ட ஒருவனுக்கு, அழுத்தம் அதனை உட்செலுத்திவிட, வைத்தியர் வெகு பிரயாசையோடு எடுக்க நேர்ந்தது என்றும் அவர் எழுதினார். பஞ்சுப் பரிகாரத்தின் தோல்வி இந்நிகழ்ச்சியால் விளக்கமாயிற்று. 1783 டிசம்பரில் ஜாக் சார்லஸ் நீரகவாயுப் பலூனில் தனியே உயர்ந்து இறங்குகையில் ஒரு செவியில் கடுவலி உற்றார். நீருக்கும் வானுக்கும் நோய் ஒன்றே என்பது தெளிவாயிற்று.

இருபதாம் நூற்றாண்டின் போர்கள் இவ்வாராய்ச்சியை விரைவுபடுத்தின. ஜெர்மானியரான ஹெர்மன் பிரென்சல், நெஞ்சுக்காற்றைப் பயன்படுத்தாமல், மூக்கை மூடி நாக்கின் அடிப்புறத்தாலும் தொண்டைத் தசைகளாலும் மட்டும் காற்றைச் செவிக்குள் செலுத்தும் மென்மையான முறையை விமானிகளுக்காக வகுத்தார். அமெரிக்கக் கடற்படை வைத்தியர் டீட் 1944-இல், நீர்மூழ்கிக் கப்பல் வீரரின் செவிப்பறையிற் காணும் மாற்றங்களைச் சிவப்பு முதல் கிழிவு வரை படிநிலைப்படுத்தினார். 1943-இல் கூஸ்டோவும் கன்யானும் மூச்சுக்கலனை உருவாக்கிய பின்னர், ஆழத்தில் நீண்ட நேரம் தங்குவது சாமானியருக்கும் கைகூடிற்று. ஆயினும் மிகுதியான ஆபத்து ஆழத்தில் இல்லை. முதற் பத்து மீட்டரிலேயே காற்றின் கன அளவு பாதியாகிவிடுவதால், செவி கெடுவதும் பெரும்பாலும் அங்கேயே நிகழ்கிறது.

இன்றைய நிலை

தூத்துக்குடியின் முத்துக்குளிப்பு 1961-ஆம் ஆண்டோடு நின்றது. சங்கு குளிப்பு நிற்கவில்லை. படகில் வைத்த கம்ப்ரசரிலிருந்து குழாய் வழியே காற்றைப் பெற்று மூழ்குவோர், பயிற்சியோ வைத்தியப் பரிசோதனையோ இன்றி, சளி பிடித்த நாளிலும் கூலிக்காக இறங்குகின்றனர். உல்லாசமாக மூழ்கச் செல்பவர்க்கு அளிக்கப்படும் போதனை, பிழைப்புக்காக மூழ்குபவர்க்குக் கிடைக்கவில்லை என்பது நம் நாகரிகத்துக்குப் பெருங்குறை.

சேலத்துச் சமவெளிக்கும் இதில் பங்குண்டு. 1934-இல் கட்டி முடிக்கப்பெற்ற மேட்டூர் அணையின் நிறைநீர்மட்டம் நூற்றிருபது அடி. அத்துணை ஆழத்தில் நீர் தரும் அழுத்தம் மேற்பரப்பில் உள்ளதைப்போல் நான்கரை மடங்கு. காவிரியிலும் கிணற்றிலும் வீழ்ந்தோரைத் தேடி மூழ்குவோர், பொழுதின் அவசரத்தால் செவியை மறந்தே பாய்கின்றனர். கிணற்றில் நீந்திக் காது வலித்த பிள்ளைக்கு எண்ணெய் காய்ச்சி ஊற்றும் வழக்கமும் இங்கு நீடிக்கிறது. பறை கிழிந்த செவிக்கு அது நடுச்செவியைக் கெடுக்கும் கேடாய் முடியும்.

முடிவுரை

மேலே ஆராய்ந்தவற்றால் பெறப்படும் விதிகள் மிக எளியன. வலி தோன்றுமுன்பே, நீர்மட்டத்திலிருந்தே தொடங்கி, இரண்டடிக்கொரு முறை மூக்கைப் பிடித்து மெல்ல ஊதவேண்டும். செவி திறவாவிடில் சில அடி மேலெழுந்து மீண்டும் முயலவேண்டுமேயன்றி, மூச்சை முக்கி ஊதலாகாது, உட்செவியின் மென்படலமே கிழியக்கூடுமாதலின். சளியும் பீனிசமும் உள்ள நாளில் மூழ்குதல் தவிர்க்கத்தக்கது; மருந்தால் மூக்கடைப்பை அடக்கி இறங்கினால், அதன் வேகம் தணிந்ததும் மேலேறும்போது உள்ளிருக்கும் காற்று வெளிவர வழியின்றிச் சிக்கும். செவியிற் பஞ்சடைத்து மூழ்குதல் எந்நாளும் ஆகாது.

இவற்றைக் கற்பிக்கப் பொருட்செலவோ யந்திரமோ வேண்டா. நீச்சல் சொல்லித்தரும் ஒவ்வொரு தோட்டத்துக் கிணற்றடியிலும், தீயணைப்பு நிலையத்திலும், சங்கு குளிக்கும் கரையிலும் ஒரு நாழிகைப் பாடமாக இவற்றைச் சொல்லிவிடலாம். மன்னார்க் கடலின் குளியாட்கள் தம் உடலை வருத்திக் கண்டறிந்த நுட்பத்தின் பயன், அத்தொழிலைச் செய்யும் இன்றைய தலைமுறைக்கே முதலிற் சேரவேண்டும். அதனைச் சேர்ப்பிப்பது அரசாங்கத்தின் மீன்வளத் துறைக்கும் வைத்தியக் கல்லூரிகளுக்கும் உரிய, இனியும் தாமதிக்கத் தகாத கடமையாகும்.