மோட்டார் வண்டியும் மின்னாக்கியும்

மோட்டார் வண்டியின் வரலாறு கூறுவோர் எஞ்சினைப் பற்றி விரித்துரைப்பர். அதன் பக்கத்தில் பெல்ட்டினால் சுழலும் மின்னாக்கியை ஒரு வரியில் கடந்துவிடுவர். ஆனால் அம்மின்னாக்கி மாறிய வரலாற்றை அறியாமையால் கையைச் சுட்டுக்கொண்டவர் உண்டு. ஆதலின் அதனை ஈண்டுச் சிறிது ஆராய்வோம்.

காந்தமும் கம்பிச் சுருளும் ஒன்றன் அருகே ஒன்று அசையுங்கால் மின்சாரம் பிறக்கும் என்பதை மைக்கேல் பாரடே 1831ஆம் ஆண்டில் கண்டறிந்தார். அடுத்த ஆண்டே பாரிஸ் நகரத்துப் பிக்சி என்பார் கையால் சுழற்றும் பொறி ஒன்றை அமைத்தார். அதில் பிறந்தது திசை மாறி மாறி ஓடும் மின்சாரம். அக்காலத்தார் அதனால் பயன் காணாமையால், கம்யூட்டேட்டர் என்னும் உறுப்பைச் சேர்த்து ஒரே திசையில் ஓடச் செய்தனர். டைனமோவின் தொடக்கம் இதுவே.

தொடக்க கால வண்டிகளைக் கைப்பிடியால் சுழற்றிக் கிளப்பினர். விளக்குகள் அசெட்டிலின் வாயுவால் எரிந்தன. சார்ல்ஸ் கெட்டரிங் அமைத்த மின் ஸ்டார்ட்டர் 1912ஆம் ஆண்டுக் காடிலாக் வண்டியில் இடம்பெற்ற பின்னர், பேட்டரியும் அதற்கு ஊட்டமளிக்கும் மின்னாக்கியும் இன்றியமையாதன ஆயின.

டைனமோவுக்கு ஒரு குறை உண்டு. எஞ்சின் மெதுவாக ஓடும்போது அது மிகக் குறைந்த மின்சாரமே தரும். மழை இரவில் விளக்கெரிய வண்டி ஊர்ந்து சென்றால் பேட்டரி வற்றிவிடும். திசைமாறு மின்சாரத்தை ஆக்கி, சிலிக்கன் டயோடுகளால் நேராக்கும் ஆல்ட்டர்னேட்டர் இக்குறையைத் தீர்த்தது. 1960ஆம் ஆண்டு வேலியண்ட் வண்டியில் கிரைஸ்லர் நிறுவனத்தார் அதனைப் பொருத்தினர். பிரிட்டிஷ் வண்டிகளில் அது அதன்பின் மெல்லப் பரவிற்று. நம் சாலைகளில் ஓடிய மோரிஸ் மைனர் டைனமோ வண்டியே.

நாம் கருத வேண்டியது இனி வருவது. டைனமோவுக்கும் பேட்டரிக்கும் நடுவே 'கட்-அவுட்' என்னும் கருவி இருந்தது. எஞ்சின் நின்றதும் அது தொடர்பை அறுத்துவிடும். டைனமோவின் கம்பியில் மின்சாரம் இராது. ஆல்ட்டர்னேட்டருக்குக் கட்-அவுட் வேண்டுவதில்லை. மின்சாரம் பின்னோக்கி ஓடாமல் டயோடுகளே தடுக்கின்றன. எனவே அதன் தடித்த கம்பி, எஞ்சின் நின்ற பின்னும் பேட்டரியோடு இணைந்தே இருக்கும்.

என் இளமையில் எங்கள் தோட்டத்து டிரைவர் ஒருவர், பேட்டரியைத் தொடாமலே ஆல்ட்டர்னேட்டரை அவிழ்க்கலானார். ஸ்பானருக்கும் எஞ்சினுக்கும் இடையே அகப்பட்ட அவர் மோதிரம் நொடியில் பழுத்தது. அவர் கவனமற்றவர் அல்லர். டைனமோ வண்டிகளில் பல்லாண்டு பிழையின்றிப் பயன்பட்ட பழக்கத்தையே பின்பற்றினார்!

வீட்டில் இவ்வேலை செய்வோர் மோதிரத்தையும் கடிகாரத்தையும் கழற்றிவைத்து, எஞ்சின் ஆறிய பின் தொடங்குக. பேட்டரியின் நெகட்டிவ் முனையை முதலில் கழற்றித் துணியால் சுற்றுக. கம்பிகளின் இடத்தையும் பெல்ட் செல்லும் வழியையும் தாளில் வரைந்துகொள்க. பின்னர்க் கம்பிகளை எடுத்து, பெல்ட்டைத் தளர்த்தி, பாரத்தைக் கையால் தாங்கியவாறு போல்ட்டுகளை அகற்றுக. பொருத்துகையில் இவ்வரிசையைத் திருப்புக. நெகட்டிவ் முனை கடைசியில் சேரட்டும். எஞ்சின் ஓடுகையில் பேட்டரியில் பெரும்பாலும் 13.5 முதல் 14.5 வோல்ட் காட்டும். ஓடும் எஞ்சினில் பேட்டரியைக் கழற்றிச் சோதிப்பது டைனமோ காலத்து வழக்கம். இன்று அது டயோடுகளைக் கெடுக்கும்.

நெகட்டிவை முதலில் கழற்றுவது ஏன்? அதுவே வண்டியின் உடலோடு இணைந்த முனை. அதனை அவிழ்க்கையில் ஸ்பானர் உடலில் பட்டாலும் தீங்கில்லை. மோரிஸ் மைனரில் உடலோடு இணைந்தது பாசிட்டிவ் முனை! அங்கே அதனையே முதலில் கழற்ற வேண்டும். விதியை மட்டும் மனனம் செய்தவன் பழைய வண்டியில் தவறுவான்; காரணம் அறிந்தவன் எவ்வண்டியிலும் தவறான். வகுப்பறையில் நாம் கற்பிக்கும் பாடங்களுக்கும் இது பொருந்துமன்றோ?