மே ஈயும் செயற்கை ஈயும்: டிரவுட் தூண்டிலின் வரலாறு

தூண்டில் முள்ளின் மேல் இறகு, மயிர், பட்டு நூல் ஆகியவற்றைச் சுற்றிப் பூச்சியின் தோற்றத்தில் செய்யப்படுவது செயற்கை ஈ. இதில் புழுவோ சிறுமீனோ இரையாக இருப்பதில்லை. மணமும் சுவையும் இல்லாத ஒரு பொருளை மீன் பார்த்து, பூச்சி என்று நம்பி வாயில் எடுக்க வேண்டும். எனவே எந்த நேரத்தில் எந்த ஈயைக் கட்டுவது என்பதே இம்முறையின் முதன்மையான கேள்வி. இங்கிலாந்தில் ஐந்து நூற்றாண்டுகளாக இக்கேள்வி எழுத்தில் விவாதிக்கப்பட்டு வருகிறது. விடை முதலில் நாட்காட்டியிலும், பின்னர் பூச்சியியலிலும், கடைசியில் மீனின் கண்ணிலும் வயிற்றிலும் தேடப்பட்டது.

டிரவுட்டும் மே ஈயும்

பழுப்பு டிரவுட் ஐரோப்பாவின் குளிர்ந்த ஆறுகளுக்கு உரிய மீன். ஆங்கிலேயர் கொண்டுவந்து விட்டதால் நீலகிரி ஓடைகள் வழியாகத் தமிழகத்துக்கும் டிரவுட் அறிமுகமானது. தென் இங்கிலாந்தின் ஹாம்ப்ஷயர் பகுதியில் ஓடும் டெஸ்ட், இட்சன் ஆகிய ஆறுகள் டிரவுட்டுக்குப் புகழ்பெற்றவை. சீமைச் சுண்ணாம்புப் பாறைகளில் ஊறி வரும் நீர் என்பதால் இவை ஆண்டு முழுவதும் தெளிவாகவும் சீரான குளிர்ச்சியுடனும் இருக்கும்.

மே ஈ என்பது வீட்டு ஈ இனத்தைச் சேர்ந்ததன்று. எஃபெமெராப்டெரா என்ற பழமையான பூச்சி வரிசையைச் சேர்ந்தது. அவ்வரிசையில் பல இனங்கள் இருந்தாலும், ஆங்கிலத் தூண்டில்காரர்கள் மே ஈ என்று சிறப்பாகக் குறிப்பது எஃபெமெரா டானிக்கா என்ற பெரிய இனத்தை. இதன் இளவுயிரி ஆற்றின் அடிவண்டலில் வளை தோண்டி ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் வாழ்கிறது. மே மாத நடுவிலிருந்து ஜூன் தொடக்கம் வரை இளவுயிரிகள் கூட்டமாக மேலே நீந்தி வந்து, நீர்ப்பரப்பில் தோலுரித்துச் சிறகு விரிக்கின்றன. மழைக்குப் பின் ஈசல் புறப்படுவது போன்ற காட்சி இது.

முதலில் வெளிவரும் மங்கலான சிறகுடைய பருவத்தை 'டன்' என்பர். அது கரையோரச் செடியில் தங்கி மீண்டும் ஒருமுறை தோலுரித்து, பளபளக்கும் சிறகுடைய 'ஸ்பின்னர்' ஆகிறது. சிறகு முளைத்த பின்னும் தோலுரிக்கும் பூச்சிகள் இன்று இவ்வரிசையில் மட்டுமே உள்ளன. சிறகு வந்த பின் இவை உண்பதில்லை. சில நாட்களுக்குள் கூடி, பெண் பூச்சிகள் நீரில் முட்டையிட்டு, சிறகை விரித்தபடி மிதந்து இறக்கின்றன.

பெரிய டிரவுட்டுகளும் எச்சரிக்கையை மறந்து உண்ணும் இந்நாட்களை ஆங்கிலேயர் 'கற்றுக்குட்டிகளின் இரு வாரம்' என்று கேலியாக அழைத்தனர். ஆனால் அனுபவம் அவ்வளவு எளிதாக அமையவில்லை. நூற்றுக்கணக்கான பூச்சிகள் மிதக்கும்போதும், மேலேறும் இளவுயிரி, டன், இறந்த ஸ்பின்னர் ஆகியவற்றில் ஒன்றை மட்டும் தேர்ந்து உண்டு மற்றவற்றைப் புறக்கணிக்கும் மீன்கள் உண்டு. ஈத் தேர்வின் சிக்கல் இங்கிருந்தே தொடங்குகிறது.

மாதத்துக்கு ஒரு ஈ

மாசிடோனியர் சிவப்புக் கம்பளியும் சேவல் இறகும் கட்டிய முள்ளால் மீன் பிடித்ததை, கி.பி. 200-ஐ ஒட்டி வாழ்ந்த ஈலியன் எழுதியுள்ளார். ஆங்கிலத்தில் 1496-இல் விங்கின் டி வோர்ட் அச்சிட்ட தூண்டில் நூல் 12 செயற்கை ஈக்களை விவரிக்கிறது. அவை மார்ச் முதல் ஆகஸ்ட் வரை மாத வாரியாக அடுக்கப்பட்டிருந்தன. ஜூலியானா பெர்னர்ஸ் என்ற பெண் துறவி இதை எழுதியதாக மரபு கூறினாலும், ஆய்வாளர்கள் அதை உறுதியாக ஏற்பதில்லை.

ஐசக் வால்டனின் புகழ்பெற்ற தூண்டில் நூலுக்கு 1676-இல் சார்லஸ் காட்டன் இரண்டாம் பகுதி எழுதினார். டவ் ஆற்றங்கரையில் வாழ்ந்த அவர் அறுபதுக்கும் மேற்பட்ட ஈக்களை மாத வாரியாகத் தந்தார். மே ஈக்கு அவர் தனிச் சிறப்பு அளித்தார். எனினும் ஆற்றடியில் கூடு கட்டி வாழும் கேடிஸ் புழுக்களிலிருந்தே அது உண்டாவதாக நம்பினார். கேடிஸ் முற்றிலும் வேறு பூச்சி வரிசை. நீர்ப்பரப்பில் கூர்ந்து பார்த்தவருக்கும் நீருக்கு அடியில் நடப்பது தெரியாதிருந்தது.

மாதப் பட்டியலுக்கு வேறொரு குறையும் இருந்தது. பூச்சி எழுவதை முடிவுசெய்வது நீரின் வெப்பமும் வானிலையும், நாட்காட்டி அன்று. 1752-இல் பிரிட்டன் புதிய நாட்காட்டிக்கு மாறி 11 நாட்களை நீக்கியபோது பழைய பட்டியல்களின் 'மே' நகர்ந்துவிட்டது. பூச்சிகள் நகரவில்லை.

ஆற்றங்கரை ஆய்வுக் குடில்

1836-இல் ஆல்ஃபிரட் ரொனால்ட்ஸ் வெளியிட்ட 'தி ஃப்ளை-ஃபிஷர்ஸ் எண்டமாலஜி' இத்துறையை மாற்றியது. ஸ்டாஃபர்ட்ஷயரின் பிளைத் ஆற்றின் மேல் அவர் ஒரு சிறு குடில் அமைத்து, மீன்கள் அறியாதவாறு அவற்றைக் கவனித்தார். காரமிளகாய்த் தூளும் கடுகும் பூசிய இறந்த ஈக்களை மிதக்கவிட்டபோது டிரவுட்டுகள் அவற்றையும் விழுங்கின. உணவைத் தேர்வதில் சுவையை விடப் பார்வையே முதன்மையானது என அவர் முடிவுசெய்தார். நீரில் ஒளி விலகுவதால் கரையில் நிற்பவர் மீனுக்கு எவ்வாறு தெரிவார் என்பதையும் படத்துடன் விளக்கினார்.

அவரது வண்ணப்படங்களில் உண்மையான பூச்சியும் அதற்குரிய செயற்கை ஈயும் அருகருகே இடம்பெற்றன. பூச்சிகளுக்கு அறிவியல் பெயர்களும் தரப்பட்டன. 'இது எந்த மாதம்?' என்ற கேள்வி 'இது எந்தப் பூச்சி?' என்று மாறியது.

இதை எல்லோரும் ஏற்கவில்லை. ஸ்காட்லாந்தைச் சேர்ந்த டபிள்யூ. சி. ஸ்டூவர்ட் 1857-இல் எழுதிய நூலில், ஒவ்வொரு பூச்சிக்கும் நுட்பமான போலி தேவையில்லை என்று வாதிட்டார். விரைந்து ஓடும் ஆற்றில் மீனுக்கு ஆராய நேரமில்லை. பொதுவான தோற்றமுடைய சில ஈக்களும், மீனுக்குப் பின்னாலிருந்து வீசும் திறனும் போதும் என்பது அவர் கருத்து. மெதுவாக ஓடும் தெளிந்த நீருக்கு இது பொருந்துமா என்பது தீராத விவாதமாக நீடித்தது.

ஹால்ஃபோர்டின் மிதக்கும் ஈ

ஃபிரடெரிக் ஹால்ஃபோர்ட் (1844–1914) ஹாம்ப்ஷயர் ஆறுகளில் மிதக்கும் ஈ முறையை ஒழுங்குபடுத்தியவர். 1879-இல் வின்செஸ்டரில் ஒரு தூண்டில் கடையில் ஜார்ஜ் செல்வின் மேரியட்டைச் சந்தித்தார். இருவரும் பல ஆண்டுகள் பூச்சிகளைச் சேகரித்து ஒப்பிட்டனர். நூலில் தம் பெயரைச் சேர்க்க மேரியட் மறுத்துவிட்டதால், 1886-இல் ஹால்ஃபோர்ட் பெயரில் மட்டுமே 'ஃப்ளோட்டிங் ஃப்ளைஸ்' வெளியானது. அதில் 90 ஈக்கள் இருந்தன. 1910-இல் அவர் அதை 33 ஆகக் குறைத்து, நிறத்தை மிக நுட்பமாக ஒத்திருக்கவும், ஆண் பூச்சிக்கும் பெண் பூச்சிக்கும் தனித்தனி ஈ இருக்கவும் வழிசெய்தார்.

அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் வாழ்ந்த தியோடர் கார்டனுக்கு 1890-இல் ஹால்ஃபோர்ட் சில ஈக்களை அனுப்பினார். அவை ஆங்கில ஆற்றுப் பூச்சிகளை ஒத்தவை. கேட்ஸ்கில் மலையாறுகளின் பூச்சிகள் வேறு. கார்டன் தம் ஊர்ப் பூச்சிகளைப் பார்த்துப் புதிய ஈக்களைக் கட்டினார். ஹால்ஃபோர்டிடமிருந்து அவர் பெற்ற பயன் அந்த ஈக்களை விட அவற்றுக்குப் பின்னிருந்த கவனிக்கும் முறையே.

இங்கிலாந்திலோ ஹால்ஃபோர்டின் அவதானிப்பு மெல்லச் சட்டமாக இறுகியது. பரப்பில் உண்ணும் மீனைக் கண்ட பிறகே, அது உண்ணும் பூச்சியைப் போன்ற மிதக்கும் ஈயை வீச வேண்டும் என்பது நெறியாயிற்று. மூழ்கும் ஈயைப் பயன்படுத்துவது சில நீர்ப்பகுதிகளில் ஒழுக்கக் குறைவாகவே கருதப்பட்டது.

ஸ்கியூஸின் மறுப்பு

லண்டன் வழக்கறிஞரான ஜி. இ. எம். ஸ்கியூஸ் (1858–1949) இட்சன் ஆற்றில் தூண்டிலிட்டவர். நனைந்து மூழ்கிவிட்ட ஈயை மீன் எடுப்பதைக் கண்ட அவர், பிடித்த மீன்களின் வயிற்றைச் சோதிக்கத் தொடங்கினார். எலும்பு மச்சையை எடுக்கும் நீண்ட கரண்டியால் உள்ளிருப்பதை வெளியே எடுத்து, வெள்ளைத் தட்டில் நீரூற்றி ஆராய்ந்தார். அதில் சிறகுள்ள பூச்சிகளை விட இளவுயிரிகளே மிகுந்திருந்தன. பரப்பில் உண்பது போல் வட்டம் எழுப்பும் மீன், உண்மையில் பரப்புக்குச் சற்றுக் கீழே உண்ணக்கூடும் என்று தெரிந்தது.

1910-இலும் 1921-இலும் வெளிவந்த நூல்களில் இளவுயிரியைப் போன்ற ஈக்களை அவர் பரிந்துரைத்தார். எதிர்ப்பு கடுமையாக இருந்தது. 1938 பிப்ரவரியில் லண்டன் ஃப்ளைஃபிஷர்ஸ் கிளப்பில் இதற்கென விவாதமே நடந்தது. எண்பதை நெருங்கிய ஸ்கியூஸின் பக்கம் ஆதரவு குறைவாகவே இருந்தது. அதே ஆண்டில், அரை நூற்றாண்டுக்கும் மேல் தூண்டிலிட்ட இட்சன் நீர்ப்பகுதியை விட்டு அவர் விலகினார்.

காலம் அவர் பக்கம் நின்றது. வில்ட்ஷயர் ஏவன் ஆற்றின் காவலரான ஃபிராங்க் சாயர், நூலுக்குப் பதில் செம்புக் கம்பியும் ஃபெசன்ட் பறவையின் வால் இறகும் கொண்டு கட்டிய இளவுயிரி ஈ இன்று உலகெங்கும் பயன்படுகிறது. மே ஈயின் இளவுயிரிக்கென ரிச்சர்ட் வாக்கர் (1918–1985) உருவாக்கிய ஈயும் அவ்வாறே நிலைத்தது.

மீனின் கண் வழியே

நீருக்குள்ளிருந்து மேலே பார்க்கும் மீனுக்கு வெளியுலகம் ஒரு வட்டச் சாளரம் வழியாகவே தெரியும். அதன் விட்டம் மீன் இருக்கும் ஆழத்தைப் போல் சுமார் இரண்டேகால் மடங்கு, 30 செ.மீ. ஆழத்திலுள்ள மீனுக்கு ஏறத்தாழ 68 செ.மீ. சாளரத்துக்கு வெளியே நீர்ப்பரப்பு கண்ணாடி போல் அடியை எதிரொளிக்கும். மிதக்கும் பூச்சி முதலில் தன் கால்கள் அக்கண்ணாடியில் உண்டாக்கும் ஒளிப்புள்ளிகளாகவே தென்படுகிறது. நிறம் பிறகே வருகிறது.

வானூர்திப் பொறியாளரான ஜே. டபிள்யூ. டன் 1924-இல் வேறொன்றைச் சுட்டினார். மீன் பூச்சியை ஒளிக்கு எதிரே பார்க்கிறது. உயிருள்ள பூச்சியின் உடல் ஒளியை ஊடுருவ விடுகிறது. இதற்காக அவர் முள்ளுக்கு வெள்ளை நிறம் பூசி, செயற்கைப் பட்டைச் சுற்றி எண்ணெயில் நனைத்தார். 1971-இல் அமெரிக்கரான டக் ஸ்விஷர், கார்ல் ரிச்சர்ட்ஸ் எழுதிய நூல், தோலுரித்து முடிக்காமல் பரப்பில் சிக்கியிருக்கும் பூச்சியைப் போன்ற ஈக்களைப் பரவலாக்கியது.

இன்றைய நிலை

இன்று மே ஈ எழும் நாட்களில் தூண்டில்காரர் முதலில் செய்வது ஆற்றைப் பார்ப்பதே. மீனின் மூக்கு வெளியே தெரிந்தால் அது பரப்பில் உண்கிறது; முதுகும் வாலும் மட்டும் தெரிந்தால் சற்றுக் கீழே இளவுயிரிகளை உண்ணக்கூடும். மாலையில் மெதுவான, சலனமற்ற வட்டங்கள் எழுந்தால் சிறகு விரித்து இறந்த ஸ்பின்னரை நினைக்க வேண்டும். அளவும், மிதக்கும் நிலையும், பூச்சியின் பருவமும் பொருந்திய பிறகே நிறம் கணக்கில் வருகிறது. ஒரு காலத்தில் ஒன்றையொன்று மறுத்த ஹால்ஃபோர்டின் ஈயும் ஸ்கியூஸின் ஈயும் இன்று ஒரே பெட்டியில் இருக்கின்றன.

இந்த அறிவு முழுவதும் பூச்சி எழுவதை நம்பியே நிற்கிறது. உலகின் சுண்ணப்பாறை ஓடைகளில் பெரும்பாலானவை இங்கிலாந்தில் உள்ளன. அளவுக்கு மீறி நீர் எடுத்தல், கழிவுநீர், வயல்களிலிருந்து வரும் பாஸ்பேட்டும் நுண்மண்ணும் அவற்றைப் பாதிக்கின்றன. எஃபெமெராப்டெரா பூச்சிகளில் பல மாசுக்கு எளிதில் இரையாவதால், அறிவியலாளர்கள் அவற்றை ஆற்றின் நலங்காட்டிகளாகக் கொள்கின்றனர். தூண்டில்காரர்களும் பல ஆறுகளில் மாதந்தோறும் அடிமண்ணைக் கிளறி இளவுயிரிகளை எண்ணிப் பதிவு செய்கின்றனர். எந்த ஈயைக் கட்டுவது என்று அறிய ஸ்கியூஸ் தட்டில் எண்ணிய அதே இளவுயிரிகள், ஆறு உயிரோடிருக்கிறதா என்று அறிய இன்று எண்ணப்படுகின்றன.