பெயரும் மணமும்: ஒரு வாசனைத் திரவியமும் ஊவாவின் கொழுந்தும்

வாசனைத் திரவியங்களின் வரலாறு பெரும்பாலும் அரசவைகளின் வரலாறாகவோ, புகழ்பெற்ற வணிக நிறுவனங்களின் வரலாறாகவோ எழுதப்பட்டு வந்துள்ளது. அதனை உழைப்பின் வரலாறாக நோக்கிய முயற்சிகள் குறைவு. 1921ஆம் ஆண்டு பாரிசு நகரில் அறிமுகமாகி, நூறாண்டுகளைக் கடந்த பின்னரும் பெண்களால் விரும்பி வாங்கப்படும் ‘ஷனெல் எண் 5’ என்னும் மலர்மணத் திரவியம் அத்தகைய நோக்குக்கு ஏற்ற சான்றாகும். பசறை, பதுளை முதலிய ஊவாப் பகுதிகளின் தேயிலை வரலாற்றோடு அதனை ஒப்புநோக்கும்போது, அதன் நிலைபேற்றுக்கான காரணங்கள் மேலும் தெளிவு பெறுகின்றன.

ஆடையலங்காரக் கலைஞர் காப்ரியேல் ஷனெல்லின் வேண்டுகோளுக்கிணங்க இதனை ஆக்கியவர், மொஸ்கோவிற் பிறந்து அங்கேயே வாசனைத் தொழில் பயின்ற ஏர்னெஸ்ற் போ என்பவராவார். தனியொரு மலரை நினைவூட்டும் வாசனைகள் பெருவழக்காயிருந்த காலத்திலே, அவர் மல்லிகை, ரோசா முதலிய பல மலர்களின் சாரங்களோடு அல்டிகைட்டுகள் எனப்படும் செயற்கைச் சேர்மங்களைத் தாராளமாகச் சேர்த்தார். இதன் பயனாய், பூக்களின் மணமேயாயினும் இன்ன பூவென்று சுட்டிக் கூறவியலாத ஒரு மணம் தோன்றிற்று. ஒரு பூவோடும் ஒரு பருவத்தோடும் பிணிக்கப்படாமையே அது காலத்தாற் பழமையுறாதிருந்தமைக்கு முதற் காரணம் எனலாம்.

இத்திரவியத்தின் உயிர்நாடியாக அமைந்த மல்லிகை தமிழர்க்கு அயலானதன்று. குறிஞ்சிப்பாட்டிலே தொண்ணூற்றொன்பது மலர்களைப் பெயர் சொல்லி நிரற்படுத்திய மரபு தமிழ் மரபு. பிரான்சின் தென்பகுதியிலுள்ள கிராஸ் நகரைச் சூழ்ந்த வயல்களில் வாசனைக்கென வளர்க்கப்படும் மல்லிகை, தமிழகத்திலே பிச்சி என்றும் ஜாதிமல்லி என்றும் வழங்கும் அதே இனமாகும். தென்னாசியாவையும் அதனை அடுத்த நாடுகளையும் தாயகமாகக் கொண்ட அக்கொடி ஐரோப்பாவிற் குடியேறிய ஒன்று. அது இரவில் மலர்வது; ஆதலின் விடியற்போதிலேயே கையாற் பறிக்கப்படல் வேண்டும். ஒரு கிலோகிராம் நிறைக்கு ஏறத்தாழ 8,000 பூக்கள் வேண்டும். நீராவியிற் காய்ச்சி வடித்தால் அதன் மென்மணம் கெடும் என்பதனால், முன்னர்க் கொழுப்பிற் பூக்களைப் பரப்பி மணத்தைப் பதித்தனர். பின்னர்க் கரைப்பான்களைக் கொண்டு பிரித்தெடுத்தனர். பிரித்தெடுக்கும் முறை மாறியபோதும் பறிக்கும் முறை மாறவில்லை.

நிலத்தின் விலையும் கூலியும் உயர்ந்தமையாற் கிராஸின் மல்லிகை வயல்கள் இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிற் பெரிதும் அருகின. உலக வாசனைத் தொழில் எகிப்தையும் இந்தியாவையும் நாடிற்று. கோயம்புத்தூர், திண்டுக்கல், மதுரை முதலிய பகுதிகளிற் பறிக்கப்படும் பூக்களின் சாரம் இன்று பல அயல்நாட்டுத் திரவியங்களிற் கலந்துள்ளது. மதுரை மல்லிகை 2013ஆம் ஆண்டு புவிசார் குறியீடும் பெற்றது. ஷனெல் நிறுவனமோ, தன் திரவியத்தின் செறிந்த வகைக்குக் கிராஸின் மல்லிகையே வேண்டும் எனக் கருதி, அந்நகரை அடுத்த பெகோமாஸ் என்னும் ஊரின் மலர்ச்செய்கைக் குடும்பம் ஒன்றோடு 1987ஆம் ஆண்டு நீண்டகால உடன்படிக்கை செய்துகொண்டது. பாட்டி பூசிய மணத்தைப் பேர்த்தியும் இனங்காணவேண்டுமாயின் வயலும் பறிக்கும் கையும் தொடர்ந்து இருத்தல் வேண்டும் என்பதற்கு அவ்வுடன்படிக்கையே சான்று. அத்திரவியம் நிலைத்தமைக்கு இது இரண்டாவது காரணமாகும்.

இவ்வுண்மையை ஊவாவின் தேயிலை வேறொரு வகையிற் புலப்படுத்துகின்றது. தென்மேற்குப் பருவக்காற்று மலைநாட்டின் மேற்குச் சரிவிலே மழையைப் பொழிந்துவிட்டு, ஜூலை முதல் செப்டெம்பர் வரை ஊவாவின் மீது வறண்ட காற்றாக வீசுகின்றது. நமுனுகுல மலையடிவாரத்துப் பசறைத் தோட்டங்களிலே அக்காலத்துக் கொழுந்தின் வளர்ச்சி தளர, மணம் செறிவுறுகின்றது. ஊவாத் தேயிலை உலகச் சந்தையிற் பெற்ற பெயருக்கு அம்மணமே அடிப்படை. மல்லிகையின் மணக்கூறுகளுள் ஒன்றாகிய லினலூல் தேயிலை மணத்திலும் உள்ளது என்பது வேதியியலார் கண்ட உண்மை. பூவாயினும் கொழுந்தாயினும் உரிய பருவத்தில், உரிய அளவில், கசங்காமற் பறிக்கும் விரல்களின்றி அம்மணம் சந்தையை அடைவதில்லை.

ஆயின் பெயர் யாருக்கு? 1924ஆம் ஆண்டு ‘பர்பம் ஷனெல்’ என்னும் நிறுவனம் அமைக்கப்பட்டபோது, தன் பெயரையே அதற்களித்த ஷனெல்லுக்குக் கிடைத்த பங்கு நூற்றுக்குப் பத்து மட்டுமே. பெயர் என்பது விற்கத்தக்க பொருள் என்பதனை வணிகவுலகம் நன்கறிந்திருந்தது. அதே ஆண்டிலேதான் புகையிரதப் பாதை பதுளையை வந்தடைந்தது. அதற்கு முன்னரே, 1890ஆம் ஆண்டு ஊவாவிலே தோட்டங்களை வாங்கிய தோமஸ் லிப்டன், தோட்டத்துக்கும் தேநீர்க் கோப்பைக்கும் இடையே வேறெவருமில்லை என்னும் பொருள்பட விளம்பரஞ் செய்து தன் பெயரை உலகெங்கும் பரப்பினார். அவ்விளம்பரத்திலே தோட்டம் இருந்தது; தோட்டத்திற் கொழுந்து பறித்த பெண்ணுக்குப் பெயர் இருக்கவில்லை.

தோட்ட வழக்கிலே ‘பேர்’ என்னும் சொல்லுக்கு ஒரு நாட்கூலி என்னும் பொருளுண்டு. வரவேட்டிற் பதியப்படும் பெயரே நாட்கூலியாக எண்ணப்பட்டமையின் அப்பொருள் வந்தது. குறித்த நிறை பறித்தவளுக்கு முழுப்பேர், குறைந்தால் அரைப்பேர். உழைப்பவளின் பெயர் நிறையால் அளக்கப்பட்டுப் பாதியாகவும் குறைக்கப்படலாயிற்று. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழருட் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. தோட்டத்து வரவேட்டிற் பெயர் இருந்தும் நாட்டின் குடிமக்களுள் ஒருவராக எண்ணப்படாத நிலையில் தலைமுறைகள் கழிந்தன. எஞ்சியிருந்தோர்க்கும் குடியுரிமை வழங்கும் சட்டம் 2003ஆம் ஆண்டிலேயே நிறைவேறியது.

2018ஆம் ஆண்டு யுனெஸ்கோ நிறுவனம் கிராஸ் பகுதியின் வாசனைத் தொழிலறிவை மானிடத்தின் பண்பாட்டு மரபுகளின் பட்டியலிற் சேர்த்தது. மணங்களைக் கலக்கும் கலை மட்டுமன்றி, மணச்செடிகளை வளர்க்கும் அறிவும் அதனுள் அடங்கும் என்பது மனங்கொள்ளத்தக்கது. கொழுந்தின் முதிர்ச்சியைக் கண் அறியுமுன்னே விரல் அறியும் ஊவாப் பெண்களின் தேர்ச்சியோ பெரிதும் கூலிக்குரிய வேலையாகவே எண்ணப்படுகின்றது, அறிவாக எண்ணப்படுவதில்லை. அத்தேர்ச்சியை அதற்குரிய தமிழ்ச் சொற்களோடு, அதனையுடைய பெண்களின் வாய்மொழியாகவே பதிவு செய்தல் வரலாறு பயிலும் மாணவர்முன் உள்ள பணியாகும். நறுமணம் புட்டியில் நிலைபெறுவதற்கு நூறாண்டுகாலக் கவனம் தேவைப்பட்டது. அக்கவனத்தின் ஒரு பங்கேனும் பறித்த கைகளுக்கு உரியதாதல் வேண்டும்.