எலும்புக்கூட்டுக்கு எது மருந்து?

போன மாதம் எங்கள் ஞாயிற்றுக்கிழமை பாத்ஃபைண்டர் ஆட்டத்தில் முக்கால் மணி நேரச் சண்டை. டிராகனோடு இல்லை, விதிப்புத்தகத்தோடு. நண்பர் ஒருவரின் கதாபாத்திரம் ஓர் எலும்புக்கூடு. எதிரிப் பூசாரி அதன்மேல் 'அன்ஹோலி' தாக்குதல் ஒன்றை ஏவினார். "நான்தான் அன்டெட் ஆச்சே, தீய சக்தி என்னைக் குணப்படுத்தணும், எப்படி டேமேஜ் ஆகும்?" என்று நண்பர் விடவே இல்லை. எட்டு மாதம் வளர்த்த கதாபாத்திரம், அந்த அடியில் விழுந்துவிடும். வீட்டுக்கு வந்து பழைய பதிப்புகளைப் புரட்டினேன்.

1974-இல் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் வெளியிட்ட டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸில் கணக்கு எளிது. நல்ல கிளரிக்கின் ஆற்றும் மந்திரத்தைத் தீய கிளரிக் திருப்பிப் போட்டால் அது காயப்படுத்தும். அதாவது குணமாக்குவது நல்லவன் வேலை, காயப்படுத்துவது கெட்டவன் வேலை. 1978-இல் வந்த அட்வான்ஸ்டு பதிப்பின் பிளேயர்ஸ் ஹேண்ட்புக், 'க்யூர் லைட் வூண்ட்ஸ்' உயிரற்றவற்றைக் குணமாக்காது என்றது. ஆனால் அவற்றைக் காயப்படுத்தும் என்று சொல்லவில்லை.

பெரிய மாற்றம் 2000-இல் வந்த மூன்றாம் பதிப்பில். குணமாக்கும் மந்திரம் இனி 'பாசிட்டிவ் எனர்ஜி'; அது அன்டெட்டைச் சுடும். 'இன்ஃப்ளிக்ட்' மந்திரங்கள் 'நெகட்டிவ் எனர்ஜி'. அன்டெட்டுக்கு அதுதான் மருந்து. நண்பரின் வாதத்துக்கு வேர் இங்கேதான். ஆனால் அதே பதிப்பில் 'அன்ஹோலி பிளைட்' என்று ஒரு மந்திரம் உண்டு. அது நல்லவர்களை முழுசா தாக்கும், நடுநிலையாளர்களைப் பாதி தாக்கும், தீயவர்களைத் தொடாது. தொடாது, அவ்வளவுதான்; குணமாக்காது. உயிர் இருக்கா இல்லையா என்று அது பார்ப்பதே இல்லை, எந்தப் பக்கம் என்றுதான் பார்க்கிறது.

அப்புறம் ஏன் குழப்பம்? விதி எழுதியவர்களே கோட்டை அழித்தார்கள். 2000-இல் நடுநிலை என்றிருந்த எலும்புக்கூடு, 2003-இன் 3.5 பதிப்பில் தீயதாகிவிட்டது. புத்தியே இல்லாத எலும்புக்கு என்ன பாவ புண்ணியம்? ஆனால் அதிலிருந்துதான் 'அன்டெட் என்றால் தீயது, தீயது என்றால் நெகட்டிவ்' என்ற சமன்பாடு பலர் மனதில் நின்றுவிட்டது.

2023-இல் திருத்தி வெளியிட்ட பாத்ஃபைண்டர் இரண்டாம் பதிப்பு இதைத் தெளிவாகப் பிரித்தது. 'வாய்ட்' என்பது ஆற்றல். 'அன்ஹோலி' என்பது ஒரு டேக், பக்கத்தைக் காட்டும் அடையாளம். அது பெரும்பாலும் 'ஸ்பிரிட்' டேமேஜோடு வரும். ஆன்மா உள்ள எதையும் ஸ்பிரிட் தாக்கும், அன்டெட்டையும் சேர்த்து. இன்னொன்று: வாய்ட் டேமேஜ்கூட அன்டெட்டைத் தானாகக் குணமாக்காது. அடி படாது, அவ்வளவே. குணமாக வேண்டுமென்றால் 'ஹார்ம்' போல, அன்டெட்டைக் குணமாக்கும் என்று மந்திரத்திலேயே எழுதியிருக்கணும். புரோகிராமர் பாஷையில் சொன்னால், டேட்டா டைப் வேற, ஃபிளாக் வேற, ஃபங்ஷன் வேற. மூன்றையும் ஒரே வேரியபிளில் போட்டால் பக் வரத்தான் செய்யும்.

ஆக, அடி அடிதான். அடுத்த வாரம் எலும்புக்கூடு விழுந்தது. நண்பர் முகம் சுருங்கிப்போச்சு. எங்கள் கிளரிக், நல்ல தெய்வத்தைக் கும்பிடுகிறவர், பக்கத்தில் போய் 'ஹார்ம்' போட்டார். எலும்புக்கூடு எழுந்து உட்கார்ந்தது.