துய்மாவுக்குக் கைகொடுத்தவர்கள்

போன மாதம் சென்னையிலிருந்து வந்த பேரனைக் கூட்டிக்கொண்டு கடற்கரைப் பக்கம் காலை நடை போனேன். துய்மா வீதிப் பலகையைப் பார்த்ததும், "தாத்தா, த்ரீ மஸ்கெட்டியர்ஸ் எழுதினாரே, அவர் பேரா இது?" என்று கேட்டான்.

அவர் இல்லை. நம் ஊர் வீதிக்குப் பெயர் தந்தவர் கவர்னர் பெனுவா துய்மா. 1735 முதல் 1741 வரை இங்கே கவர்னராக இருந்தவர். ஆனந்தரங்கப் பிள்ளை நாட்குறிப்பு எழுதத் தொடங்கியது இவர் காலத்தில்தான். நாவலாசிரியர் அலெக்சாந்தர் துய்மா பிறந்ததே 1802-இல். பெயர்தான் ஒன்று, ஆள் வேறு.

ஆனாலும் பேரன் கேட்ட கேள்வி என்னை விடவில்லை. பிரெஞ்சு வழியில் படித்த எங்கள் தலைமுறைக்கு அந்த நாவலாசிரியர் பள்ளிக்கூடத்துத் தோழன் மாதிரி. ரோமன் ரோலான் நூலகத்தில் அட்டை கிழிந்த மூன்று துப்பாக்கி வீரர்களை நான் எத்தனை முறை எடுத்து வந்திருப்பேனோ! கல்கியையும் சாண்டில்யனையும் வாராவாரம் காத்திருந்து படித்தவர்களுக்கு இந்தச் சுவை புரியும். துய்மாவின் கதையும் பத்திரிகையில் தொடராக வந்ததுதான். 1844-இல் 'ல சியேக்கில்' என்ற நாளிதழில் வெளியானது.

அவ்வளவு பெரிய எழுத்தாளர் தனியாக உட்கார்ந்து பெரிய ஆளாகிவிட்டார் என்றுதான் சின்ன வயதில் நினைத்திருந்தேன். ஓய்வு பெற்ற பிறகு அவருடைய நினைவுக் குறிப்புகளைப் படித்தேன். பல பாகங்கள், படிக்க இரண்டு வருஷம் ஆயிற்று. அப்போதுதான் அவருக்குப் பின்னால் எத்தனை கைகள் இருந்தன என்று தெரிந்தது.

முதலில் ஒரு சங்கதி. துய்மாவும் நம்மைப் போல ஒரு குமாஸ்தா! அப்பா பெரிய தளபதி. சேன்-தொமேங்குத் தீவில் அடிமைப் பெண்ணுக்குப் பிறந்து, புரட்சிக் காலத்தில் ஜெனரல் பதவி வரை உயர்ந்தவர். பையனுக்கு நான்கு வயது ஆகும் முன்பே இறந்துபோனார். அம்மா கஷ்டப்பட்டு வளர்த்தார். 1823-இல் இருபது வயதுப் பையன் வேலை தேடிப் பாரிசு வந்தான். கணக்கு, சட்டம் எதுவும் தெரியாது. ஜெனரல் ஃபுவா, விலாசத்தை எழுதிக் கொடு என்றார். அந்தக் கையெழுத்தைப் பார்த்துத்தான் பிழைக்க வழி பிறந்தது. ஓர்லெயான் கோமகன் அலுவலகத்தில் நகல் எழுதும் வேலை. வருஷத்துக்கு 1200 பிராங்கு சம்பளம்.

அங்கே அவருக்கு மேல் உட்கார்ந்திருந்தவர் லாசாஞ். புதிதாக வந்த பையனை உறைகளை மடித்து ஒட்டவிட்டு வேடிக்கை பார்த்திருக்கலாம். அவர் அப்படிச் செய்யவில்லை. என்ன படித்திருக்கிறாய் என்று விசாரித்தார். பையன் ஒன்றும் படிக்கவில்லை என்று தெரிந்ததும் ஒரு பெரிய பட்டியலே போட்டுக் கொடுத்தார். கிரேக்க நாடகங்கள், ஷேக்ஸ்பியர், வால்டர் ஸ்காட், பிரான்சின் பழைய வரலாற்று ஏடுகள் எல்லாம் அதில் இருந்தன. ஸ்காட் தம் நாட்டுக்குச் செய்ததைப் பிரெஞ்சு வரலாற்றுக்கு இன்னும் யாரும் செய்யவில்லை என்பதையும் பையன் மனதில் போட்டுவைத்தார். லாசாஞ் பெயரை இன்று யாருக்குத் தெரியும்? ஆனால் அந்த மேசையருகில்தான் துய்மா நாவல்களின் விதை விழுந்தது என்பேன்.

அடுத்தவர் ஷார்ல் நோதியே. பாரிசு வந்த புதிதில் துய்மா ஒரு நாடகத்துக்குப் போனார். பக்கத்து இருக்கையில் ஒருவர் பழைய சின்னப் புத்தகம் ஒன்றில் மூழ்கியிருந்தார். பார்த்தால் அது சமையல் புத்தகம்! பேச்சுக் கொடுத்தார் துய்மா. அவரும் அபூர்வப் புத்தகங்களைப் பற்றி அலுக்காமல் சொல்லிக்கொண்டே போனார். இடையிடையே நாடகத்தைத் திட்டித் தீர்த்து, கடைசியில் சீட்டியடித்துக் கலாட்டா செய்தார். அவர்தான் நோதியே என்பதும், அந்த நாடகத்தை எழுதியவர்களில் அவரும் ஒருவர் என்பதும் துய்மாவுக்குப் பிறகுதான் தெரிய வந்தது.

சில வருஷம் கழித்து துய்மா 'கிறிஸ்தீன்' என்று ஒரு சரித்திர நாடகம் எழுதினார். அரங்க வாசலைக்கூட நெருங்க முடியவில்லை. அந்தப் பழைய இரவை ஞாபகப்படுத்தி நோதியேவுக்குக் கடிதம் போட்டார். நோதியே மறக்கவில்லை. கொமெதி-ஃபிரான்சேஸ் அரங்கின் பொறுப்பில் இருந்த தெய்லர் பிரபுவிடம் சொல்லி வழி செய்தார். இதே நோதியே ஆர்செனால் நூலகத்தின் தலைவர். ஞாயிறு மாலைகளில் அவர் வீட்டில் எழுத்தாளர்கள் கூடுவார்கள். ஹ்யூகோ, வின்யி, துய்மா எல்லோரும் அங்கே பழகியவர்கள்தாம்.

'கிறிஸ்தீன்' தள்ளிப்போனது. அதற்குள் துய்மா 'மூன்றாம் ஹென்றியும் அவர் அரசவையும்' எழுதிவிட்டார். அலுவலகத்தில் மேலதிகாரிக்குக் கோபம். எழுத்தா, உத்தியோகமா என்று கேட்டுவிட்டார். துய்மா சம்பளத்தை விட்டார். பாடலாசிரியர் பெராஞ்சே அவரை வங்கியாளர் லஃபித்திடம் அழைத்துப் போய், கையெழுத்துப் பிரதியை அடகு வைத்து 3000 பிராங்கு வாங்கித் தந்தார். 1829 பிப்ரவரி 10-ஆம் தேதி நாடகம் அரங்கேறியது. அமோக வெற்றி. அன்று இருக்கை கிடைக்காமல் துய்மாவிடம் இடம் கேட்டு வந்த இரண்டு பேர் விக்தோர் ஹ்யூகோவும் ஆல்ஃப்ரெத் தெ வின்யியும். அந்த இரவில் தொடங்கியது மூவரின் நட்பு.

மூவரும் ஒரே துறையில் போட்டியாளர்கள் என்பதைக் கவனியுங்கள். வின்யி 1826-இலேயே 'சேன்-மார்ஸ்' என்ற சரித்திர நாவலை எழுதியவர். ரிஷெலியே கர்தினால் காலத்துக் கதை. பின்னாளில் துய்மாவின் துப்பாக்கி வீரர்கள் மோதியதும் அதே கர்தினாலோடுதான். ஹ்யூகோ 1831-இல் 'நோத்ர்-தாம் தெ பாரி'யை வெளியிட்டார். அரங்கம், வாசகர், பத்திரிகை எல்லாம் மூவருக்கும் பொது. பொறாமைக்குக் காரணமா இல்லை?

இப்போது எனக்கு மிகவும் பிடித்த சம்பவத்துக்கு வருகிறேன். 1830 மார்ச் 30. கடைசியில் 'கிறிஸ்தீன்' ஓதியோன் அரங்கில் ஏறியது. பாதிக் கைதட்டல், பாதிக் கூச்சல். பல வரிகளுக்குக் கேலிச் சிரிப்பு. மறுநாள் மாலைக்குள் திருத்தியாக வேண்டும். ஆனால் துய்மா வீட்டில் அன்று இரவு விருந்து. இருபது பேருக்கு மேல் வந்திருந்தார்கள். வீட்டுக்காரர் எழுந்து போக முடியாது.

ஹ்யூகோவும் வின்யியும் கையெழுத்துப் பிரதியை எடுத்துக்கொண்டார்கள். நீ கவலைப்படாதே என்று சொல்லி ஒரு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்கள். வெளியே எல்லோரும் சாப்பிட்டார்கள், குடித்தார்கள், பாடினார்கள். உள்ளே இவர்கள் இருவரும் அடி வாங்கிய வரிகளை ஒவ்வொன்றாகப் பார்த்துத் திருத்தினார்கள். வேலை முடிந்தபோது விடிந்துவிட்டது. வீட்டில் எல்லோரும் தூக்கம். யாரையும் எழுப்பாமல், பிரதியைக் கணப்படுப்பின் மேல் மாடத்தில் வைத்துவிட்டு, கைகோத்தபடி வீட்டுக்குப் போனார்கள். துய்மாவே இதை எழுதியிருக்கிறார். எழுதும்போது இருபது வருஷம் கடந்திருந்தது. ஆனாலும் நன்றி ஆறவில்லை.

நட்பு எப்போதும் இப்படியே இருந்தது என்று சொன்னால் பொய்யாகிவிடும். 1833-இல் ஹ்யூகோவின் ஆதரவு பெற்ற ஒரு இளைஞர், துய்மா பிறர் நாடகங்களைத் திருடுகிறார் என்று பத்திரிகையில் எழுத, இருவருக்கும் பேச்சு நின்றது. பிறகு சமாதானம் ஆயிற்று. 1851-இல் லூயி நெப்போலியன் ஆட்சியைப் பிடித்ததும் ஹ்யூகோ நாட்டை விட்டு ஓடினார். துய்மாவும் அப்போது பிரசல்சுக்கு வந்தார், கடன்காரர்களுக்குப் பயந்து! 1852 ஆகஸ்டில் ஹ்யூகோ கப்பலேறியபோது ஆன்ட்வெர்ப் துறைமுகத்தில் நின்று வழியனுப்பியவர்களில் துய்மாவும் உண்டு. 1854-இல் ஒரு நாடகத்தை அந்த நாடுகடந்த நண்பருக்கே வெளிப்படையாகக் காணிக்கையாக்கினார். பேரரசர் ஆட்சியில் அதற்குத் துணிச்சல் வேண்டும். ஹ்யூகோ ஒரு கவிதையால் பதில் சொன்னார். இன்று பாந்தெயோனில் இருவரும் ஒரே நிலவறையில் உறங்குகிறார்கள். துய்மாவை அங்கே கொண்டுவந்தது 2002-இல்தான்.

இத்தோடு முடித்தால் கதை இனிப்பாக இருக்கும். ஆனால் ஒரு கசப்பும் உண்டு. அவர் பெயர் ஒகுஸ்த் மாக்கே.

வரலாற்று வாத்தியார். எழுத ஆசை. அவர் எழுதிய நாடகத்தை அரங்கம் திருப்பி அனுப்பியது. கவிஞர் நெர்வால் அதைத் துய்மாவிடம் கொண்டுபோனார். துய்மா திருத்திக் கொடுத்தார். 1839-இல் அது மாக்கே பெயரிலேயே மேடையேறியது. ஹ்யூகோவும் வின்யியும் தமக்குச் செய்ததைத் துய்மா இளையவருக்குச் செய்தார். எவ்வளவு அழகு!

பிறகுதான் காற்று திரும்பியது. மாக்கே ஏடுகளைத் துருவிச் செய்தி சேர்ப்பார், கதையின் முதல் வடிவத்தை எழுதுவார். துய்மா அதை எடுத்து உயிர் கொடுப்பார். மூன்று துப்பாக்கி வீரர்கள், மோந்தே கிறிஸ்தோ எல்லாம் இந்தக் கூட்டு உழைப்பு. அட்டையில் இருந்ததோ ஒரே பெயர். துய்மா பெயர் தனியாக இருந்தால்தான் விற்கும் என்பது பத்திரிகைக்காரர்கள் கணக்கு. 1845-இல் துப்பாக்கி வீரர்கள் நாடகமானபோது, முடிவில் மாக்கேயின் பெயரையும் சேர்த்து அறிவிக்கச் செய்தார் துய்மா. எதிர்பாராத மாக்கே கண்கலங்கினார் என்கிறார்கள். ஆனால் நாவல் அட்டை மாறவில்லை. பணமும் ஒழுங்காக வரவில்லை. கடைசியில் 1858-இல் வழக்கு. பணத்தில் பங்கு உண்டு என்றது நீதிமன்றம், பெயர் உரிமையைத் தரவில்லை.

துய்மா கெட்டவரா? எனக்கு அப்படிச் சொல்ல வரவில்லை. தாராள மனசுக்காரர், கணக்குப் பார்க்காதவர். ஆனால் பணத்தில் கணக்குப் பார்க்காதவன் நன்றியிலும் கணக்குப் பார்க்காமல் விட்டுவிடுவான் போலிருக்கிறது.

எனக்கு இதைச் சொல்ல என்ன யோக்கியதை என்று கேட்கலாம். அதற்காகவே இந்தக் கட்டுரையை எழுதுகிறேன்.

எனக்குப் பிரெஞ்சில் கடிதம் எழுத வரும், தமிழில் நாலு வரி எழுதினால் ஆறு பிழை. வேலையில் சேர்ந்த நாலைந்து வருஷத்தில் பழைய பாண்டிச்சேரி பற்றி ஒரு கட்டுரை எழுதிப் பார்த்தேன். எங்கள் ரெக்கார்டு ரூமில் ஒரு அண்ணன் இருந்தார். கூச்சத்தோடு அவரிடம் காட்டினேன். மறுநாள் காலை நான் வருவதற்கு முன்பே அது என் மேசையில் பேப்பர் வெயிட்டின் கீழ் இருந்தது. பென்சிலால் ல, ள, ழ எல்லாம் திருத்தி, ஓரத்தில் 'நன்றாக இருக்கிறது, விடாதே' என்று எழுதியிருந்தார். என் கடைசிப் பத்தி சரியில்லை என்று தாமே ஒன்று எழுதி இணைத்திருந்தார்.

கட்டுரை ஒரு மாத இதழில் வந்தது. ஆபீசில் டீ நேரத்தில் சூப்பரின்டென்டென்ட் சத்தமாகப் பாராட்டினார். "அந்தக் கடைசிப் பத்தி இருக்கே, அதுதான்யா எழுத்து!" என்றார். அண்ணன் கையில் பைலோடு அங்கேயே நின்றுகொண்டிருந்தார். நான் சிரித்தேன். வேறொன்றும் சொல்லவில்லை. அவரும் சிரித்துவிட்டுப் போய்விட்டார். அதற்குப் பிறகும் பல வருஷம் என் தமிழைத் திருத்தித் தந்தார். ஒரு நாளும் அதைப் பற்றிப் பேசியதில்லை.

அவர் போய் மூன்று வருஷம் ஆகிறது. இந்தக் கட்டுரையில் பெயரைப் போடட்டுமா என்று அவர் மகளிடம் போனில் கேட்டேன். "வேண்டாம் அங்கிள், அப்பாவுக்கு அதெல்லாம் பிடிக்காது. நீங்க நினைச்சுக்கிட்டீங்களே, போதும்" என்றாள். அதனால் பெயர் இல்லை. ஆனால் அந்தப் பத்தி நான் எழுதியது இல்லை. நாற்பத்தைந்து வருஷம் தாமதமாக இன்று சொல்கிறேன்.

உங்களுக்கும் இப்படி ஒருவர் இருந்திருப்பார். அவர் இருக்கும்போதே, நாலு பேர் முன்னால் சொல்லிவிடுங்கள்.