இரு நஞ்சுகள் கூடும்போது

மாரண்டஹள்ளி வட்டாரத் தக்காளித் தோட்டங்களில் மருந்து தெளிப்பதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். இலைக்கருகல் நோய்க்குத் தாமிரம் கலந்த பூஞ்சாண மருந்து. காய்ப்புழுவுக்கு வேறொரு பூச்சிமருந்து. தெளித்த மறுநாளே மழை பெய்தால் இரண்டும் ஒரே ஓடையில் இறங்கக்கூடும். இப்பகுதியின் சின்னாறு பஞ்சப்பள்ளி அணையைத் தாண்டி, ஒகேனக்கல்லில் காவிரியுடன் கலக்கிறது. தனித்தனியே கொல்லாத அளவில் இரு நஞ்சுகள் சேர்ந்து வந்தால் மீன்குஞ்சுகளின் கதி என்ன? இதற்கு விடை தேடிய வரலாற்றைக் காண்போம்.

தாமிரம் வயலுக்கு வந்தது பிரான்சு நாட்டில். 1885இல் மில்லார்டே என்ற பேராசிரியர், மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த கலவை திராட்சைக் கொடியின் நோயைத் தடுப்பதை வெளியிட்டார். அதுவே போர்டோக் கலவை. 1939இல் சுவிட்சர்லாந்தின் பால் முல்லர், டி.டி.டி.யின் பூச்சி கொல்லும் ஆற்றலைக் கண்டறிந்தார். 1948இல் நோபல் பரிசும் பெற்றார். இவ்விரு வகை நஞ்சுகளும் நீரை அடைந்தபோதுதான் அவற்றின் மறுபக்கம் தெரிந்தது.

கனடாவின் மிராமிச்சி ஆறு சால்மன் மீன்களுக்குப் பெயர்பெற்றது. 1954 ஜூனில், காட்டு மரங்களைத் தின்ற புழுவை ஒழிக்க, விமானத்திலிருந்து ஏக்கருக்கு அரை பவுண்டு டி.டி.டி. தெளித்தார்கள். இரண்டு நாட்களில் மீன்கள் செத்து மிதந்தன. அந்த வசந்தத்தில் பொரித்த குஞ்சுகள் ஏறக்குறைய முற்றிலும் அழிந்தன. அவற்றின் உணவான நீர்ப்பூச்சிகளும் மடிந்தன.

சில ஆண்டுகளில் அதே ஆற்றில் சுரங்கம் ஒன்றிலிருந்து தாமிரமும் துத்தநாகமும் கலந்தன. இம்முறை விஞ்ஞானிகள் கணக்கிட்டே பார்த்தார்கள். மென்மையான நீரில் சால்மன் குஞ்சுகளுக்குக் கொல்லும் எல்லை, லிட்டருக்குத் தாமிரம் 48 மைக்ரோகிராம், துத்தநாகம் 600 மைக்ரோகிராம் என 1964இல் ஸ்பிரேக் என்பவர் வெளியிட்டார். இரண்டும் கலந்தபோது என்ன ஆயிற்று?

இங்கே ஒரு எளிய கணக்கு. ஒரு நஞ்சு நீரில் இருக்கும் அளவை அதன் கொல்லும் எல்லையால் வகுத்தால் வருவது 'நச்சலகு'. தாமிரம் 24, துத்தநாகம் 300 என்றால் ஒவ்வொன்றும் அரை நச்சலகு. தனியே பார்த்தால் இரண்டும் எல்லைக்குள்தான். ஆனால் அரையும் அரையும் சேர்ந்து ஒன்றாகி, குஞ்சுகளைக் கொல்லும் எல்லையை எட்டிவிடுகின்றன! இங்கிலாந்தில் லாயிட் என்பவரும் 1961இலேயே வானவில் டிரவுட் மீன்களில் இவ்விரு உலோகங்களையும் கலந்து சோதித்திருந்தார்.

உலோகமும் பூச்சிமருந்தும் சேரும்போது கணக்கு இவ்வளவு நேராக இருப்பதில்லை. தாமிரம் செவுளைத் தாக்கி, உடலிலுள்ள சோடியம் உப்பை இழக்கச் செய்கிறது. மாலத்தியான் போன்ற பாஸ்பரஸ் பூச்சிமருந்துகள் நரம்புச் செய்தியை அடக்கும் நொதியை முடக்குகின்றன. தாக்கும் இடம் வேறு; தாக்கப்படுவது ஒரே உயிர். அளவு, மீனின் இனம், நீரின் கடினத்தன்மை ஆகியவற்றைப் பொறுத்து விளைவு கூட்டுத்தொகைக்குச் சமமாகவோ, மிகுந்தோ, குறைந்தோ அமையலாம்.

குஞ்சுகள் மட்டும் ஏன் முதலில் மடிகின்றன? சிறிய உடலுக்கு, நீரோடு உறவாடும் பரப்பு அதிகம். நஞ்சை முறிக்கும் உறுப்புகளோ முழு வளர்ச்சி பெறாதவை. வளர்ந்த மீன் சில நேரம் விலகி நீந்தும். முட்டையும் புதுக்குஞ்சும் எங்கே ஓடும்? குஞ்சுகள் அழிந்த ஆற்றில் பெரிய மீன்கள் இருப்பதைக் கண்டு நாம் ஏமாறலாம். இழப்பு தெரிவது சில ஆண்டுகள் கழித்து, வலை காலியாக வரும்போதுதான்.

ஆகவே ஒவ்வொரு நஞ்சுக்கும் தனித்தனி எல்லை வகுத்தால் மட்டும் போதாது. நீரில் கலந்துள்ள அனைத்தையும் சேர்த்து எண்ண வேண்டும். தெளிப்பானை ஓடையில் கழுவாதிருப்பதும், மழை வரும் அறிகுறி கண்டால் தெளிப்பைத் தள்ளிப்போடுவதும் நம்மால் இயன்றவை. சின்னாற்றில் பொரிக்கும் கெண்டைக் குஞ்சுக்கு, எது உலோகம், எது பூச்சிமருந்து என்று பிரித்துக் குடிக்கத் தெரியாதல்லவா?